பள்ளி நூலகத்துக்குச் சின்னத் தொகை: கேட்பதிலிருந்து கணக்குக் கொடுப்பது வரை

ஐயாயிரம் ரூபாயில் நூலகம் அமைக்க முடியுமா என்று கேட்டால், முடியாது. ஆனால் நாற்பது பிள்ளைகள் படிக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், வருஷம் முழுக்க ஆளுக்கு வாரம் ஒரு புத்தகம் கைமாறிக்கொண்டே இருக்க அந்தத் தொகை போதும். நான் இடைநிலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சர்வீஸில் இருந்தபோதும் அதற்குப் பிறகும் எங்கள் ஒன்றியத்தில் ஏழெட்டுப் பள்ளிகளுக்கு இப்படி ஐந்தும் பத்துமாகப் பணம் புரட்டிக் கொடுத்திருக்கிறேன், அதில் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியருக்கோ, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கோ, படித்த பள்ளிக்கு ஏதாவது செய்யலாமே என்று நினைக்கும் முன்னாள் மாணவருக்கோ உதவட்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் பீரோவைத் திறங்கள்

பணம் கேட்கக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய வேலை இது, யாரும் செய்வதில்லை. அநேகமாக எல்லாப் பள்ளியிலும் ஹெச்.எம். அறையில் ஒரு பச்சை பீரோ இருக்கும், சாவி ஹெச்.எம். மேசை டிராயரில் இருக்கும், உள்ளே எந்தெந்தத் திட்டத்திலோ எந்தெந்த வருஷத்திலோ வந்த புத்தகம் கட்டுப் பிரிக்காமல் கிடக்கும். ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஜமுக்காளத்தில் பரப்புங்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். மூன்று குவியல் போதும்: பிள்ளைகள் இன்றைக்கே எடுத்துப் படிக்கக் கூடியது, ஒட்டித் தைத்தால் தேறக் கூடியது, இந்தப் பள்ளியில் யாரும் தொடப் போவதில்லை என்று தெரிந்தது. மூன்றாவது குவியலைத் தூக்கிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், அதெல்லாம் இருப்புப் பதிவேட்டில் ஏறியது. தனியாகக் கட்டி வையுங்கள், கழிவு செய்வதற்கு முறை இருக்கிறது.

இந்த ஒரு நாள் வேலையில் உங்களுக்கு ஓர் எண் கிடைக்கும். ஒரு பள்ளியில் எங்களுக்குக் கிடைத்தது இது: மொத்தம் 214 புத்தகம், அதில் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளை தானே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கூடியது 19. “எங்கள் பள்ளியில் நூலக வசதி இல்லை” என்று எழுதினால் படிப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். 214இல் 19 என்று சொன்னால் ஒரு நிமிஷம் நிற்பார். அப்புறம் கொடுக்கும் கடிதம் முழுவதும் இந்த எண்ணின் மேல்தான் நிற்கப் போகிறது.

கூடவே இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். கல்வித் துறை நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’, ஆறு முதல் ஒன்பதுக்குத் ‘தேன்சிட்டு’ என்று சிறார் இதழ்களைப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. வந்த இதழ்களைத் தேதி வாரியாகக் கோர்த்து வைத்தாலே ஒரு நல்ல அடுக்கு ஆகிவிடும். கையில் இருப்பதைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி வைக்காமல் புதிதாகப் பத்திரிகைச் சந்தாவுக்குப் பணம் கேட்பது சரியில்லை.

பணம் எங்கெங்கே இருக்கிறது

அரசுப் பணம்தான் முதல் வழி. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உட்பட எல்லாப் பாடங்களுக்குமான புத்தகங்களும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே நீங்கள் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், அதாவது சமக்ர சிக்ஷாவில், நூலக மானியம் என்று தனித் தலைப்பே உண்டு. ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய் வரை, ஒன்று முதல் எட்டு வரை உள்ள நடுநிலைப் பள்ளிக்கு 13,000 வரை, மேல்நிலைப் பள்ளிக்கு அதிகபட்சம் 20,000 வரை என்பது அதன் உச்ச வரம்பு. சில வருஷம் பணமாக வராமல் புத்தகக் கட்டாகவே வந்து இறங்கும். இதைத் தவிர பள்ளி மானியம் என்று பொதுவாக ஒன்று வருகிறது: முப்பது பிள்ளைகள் வரை 10,000, நூறு வரை 25,000, இருநூற்றைம்பது வரை 50,000. சாக்பீஸ், மின்கட்டணம், தண்ணீர், துடைப்பம் எல்லாம் இதில்தான், ஆனாலும் பள்ளி மேலாண்மைக் குழு மனது வைத்தால் புத்தக உறைக்கும் பதிவேட்டுக்கும் இதில் ஒரு சிறு தொகை ஒதுங்கும்.

இதை மட்டும் நம்பி உட்கார முடியாது என்பதை 2024–25இல் கண்ணால் பார்த்தோம். பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதால் அந்த ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா பங்கு 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது, விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்லிக்கும் சென்னைக்கும் இடையில் நடக்கும் இழுபறியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கதைப் புத்தகம் மாட்டிக்கொள்ளும் என்று எந்த ஆசிரியர் நினைத்திருப்பார்? அதனால்தான் இரண்டு மூன்று வழிகளை ஒரே சமயத்தில் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இரண்டாவது, 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம். பள்ளியின் தேவையை அதன் இணையதளத்தில் பதிந்து வைத்தால் முன்னாள் மாணவரோ நிறுவனமோ பார்த்துக் கொடுக்கலாம். இதில் நான் கண்ட குறை, பெரும்பாலான பள்ளிகள் “நூலகம் மேம்பாடு” என்று இரண்டு சொல்லில் தேவையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான். அதைப் பார்த்து யாருக்குக் கை பாக்கெட்டுக்குப் போகும்? பட்டியலைத் தயார் செய்துவிட்டு அப்புறம் பதியுங்கள், இணைப்பை ஊர் வாட்ஸ்அப் குழுவில் நீங்களே கொண்டுபோய்ப் போடுங்கள்.

மூன்றாவது கம்பெனிகள். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர லாபம் 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும், ஆலை இருக்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. உங்கள் ஊர் எல்லையில் ஆலை இருந்தால் கடிதத்தில் இந்த வரியை மரியாதையாக நினைவூட்டலாம். ஆனால் ஐயாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் பெரிய கம்பெனி அசையாது, அவர்களுக்கு அதற்கு ஆகும் காகித வேலையே அதைவிட அதிகம். அக்கம்பக்கத்து ஐந்தாறு பள்ளிகள் சேர்ந்து ஒரே கடிதமாக அறுபதாயிரம் எழுபதாயிரத்துக்குக் கேட்டால் கதவு திறக்கும். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, செலவாகாத தொகை அவர்கள் கையை உறுத்தும் காலம் ஜனவரி, பிப்ரவரி.

நான்காவது வழியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்: ஊர். ரைஸ் மில் முதலாளி, மருந்துக்கடைக்காரர், ரோட்டரி, லயன்ஸ் சங்கம், பிள்ளை பிறந்தநாளுக்கு எல்லாருக்கும் மிட்டாய் கொடுக்கும் தகப்பன். பொது நூலகங்களில் ஆயிரம் ரூபாய் கட்டினால் புரவலர் என்று பெயர்ப் பலகையில் ஏற்றுவார்களே, அதே போல “இந்த அடுக்கு இன்னார் குடும்பத்தார்” என்று பிரித்துக் கேட்டுப் பாருங்கள். ஐநூறு ரூபாய்க்கு ஓர் அடுக்கு என்றால் எட்டுப் பத்து வீட்டில் கேட்டாலே போதும்.

வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் கவனம். உங்கள் பள்ளியில் படித்து டல்லாஸிலோ டொரன்டோவிலோ இருப்பவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம், அது வெளிநாட்டு நிதியாகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர்தான். அந்தப் பணத்தைப் பள்ளிக் கணக்கில் நேரடியாகப் போடச் சொல்லி ஹெச்.எம்.மைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். அந்தச் சட்டத்தின் கீழ் (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு உள்ள ஓர் அறக்கட்டளை அதை வாங்கி, பள்ளிக்குப் புத்தகமாகத் தரட்டும்.

தீர்மானம் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வேண்டாம்

பள்ளி மேலாண்மைக் குழுவின் மாதக் கூட்டத்தில் பொருள் வையுங்கள். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அந்த அம்மாக்களிடம் புத்தகங்களைக் கையில் கொடுத்துப் புரட்டச் சொல்லிவிட்டு அப்புறம் தீர்மானத்தைப் பேசுங்கள், பேச்சே வேறு மாதிரி போகும். மினிட்ஸ் புத்தகத்தில் நான்கு விஷயம் இருந்தால் போதும்: எவ்வளவு தொகை, எதற்கு, யாரிடம் கேட்பது, வாங்கும் பொறுப்பு எந்த மூவருக்கு. வந்திருந்தவர்கள் கையெழுத்து, தேதி. நகல் எடுத்துக் கடிதத்துடன் இணையுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்திலும் இதே வரியை ஏற்றிவிடுங்கள், அரசு மானியம் அதன் அடிப்படையில்தான் கேட்க முடியும்.

தனியார் கொடுக்கும் பணத்தை எந்த ஆசிரியரும் தன் கூகுள் பே எண்ணில் வாங்கக் கூடாது. நல்ல எண்ணத்தில் அப்படி வாங்கிய ஒரு நண்பர், இரண்டாயிரம் ரூபாய்க்கு மூன்று மாதம் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார். பணத்தைவிடப் புத்தகமாக வாங்கிக்கொள்வது சுலபம்: பட்டியலைக் கொடுத்து, கடைக்கு அவரையே நேராகப் பணம் கட்டச் சொல்லி, பில்லை மட்டும் பள்ளிக்கு வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, 80ஜி என்று சொல்லும் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை உண்டு என்று நீங்களாக வாக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் பதிவு உள்ள அமைப்பு ரசீது தந்தால்தான் உண்டு, அதிலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது.

கடிதம்

என் முதல் கடிதத்தில் “தங்களால் இயன்ற உதவியைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்” என்று எழுதினேன். ஒரு சங்கத்தார் வந்து சுவர்க் கடிகாரம் மாட்டிவிட்டுப் போனார்கள். இன்னொருவர் இரண்டு சாக்குப் பை நிறைய, தன் மகன் படித்து முடித்த பொறியியல் புத்தகங்களைக் கொண்டுவந்து இறக்கினார். குற்றம் அவர்களுடையது என்று சொல்ல மாட்டேன், நான் கேட்டது அப்படி.

பிறகு எழுதியது இப்படி இருந்தது:

“ஐயா, வணக்கம். எங்கள் பள்ளியில் 43 பிள்ளைகள் படிக்கிறார்கள். பள்ளியில் உள்ள 214 புத்தகங்களில், ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாமே படிக்கக் கூடியவை 19 மட்டுமே. இணைத்துள்ள பட்டியலில் உள்ள 55 புத்தகங்களுக்கு 3,575 ரூபாய் ஆகிறது. உறை, ஒட்டு நாடா 350, கயிறு, கிளிப், ஆணி 225, பதிவேடுகள் 150. மொத்தம் 4,300 ரூபாய். கடைக்காரர் தந்த விலைப் பட்டியலும் குழுத் தீர்மானத்தின் நகலும் இணைப்பில் உள்ளன. புத்தகங்கள் வந்த வாரமே பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் செல்வார்கள். எந்தப் புத்தகம் எத்தனை பேர் கைக்குப் போனது என்ற கணக்கை மார்ச் மாதம் தங்களுக்கு அனுப்பிவைப்போம்.”

அவ்வளவுதான், ஒரு பக்கம். தலைப்பில் பள்ளியின் பதினொரு இலக்க அரசு அடையாள எண்ணான யு-டைஸ் எண், கீழே ஹெச்.எம்., குழுத் தலைவர் இருவர் கையெழுத்தும் இருக்கட்டும். “அறிவுக் கண்ணைத் திறக்கும் புனிதப் பணி” மாதிரி வரி எதுவும் வேண்டாம். தபாலில் போடாமல், குழுத் தலைவராக இருக்கும் அம்மாவே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வாங்கும்போது

சின்னத் தொகையில் பீரோ வாங்காதீர்கள். பத்தாயிரம் வந்ததும் எட்டாயிரத்துக்குக் கண்ணாடி பீரோ வாங்கி மீதிக்கு உள்ளே பத்துப் பதினைந்து புத்தகம் வைத்துப் பூட்டிய பள்ளியைப் பார்த்திருக்கிறேன். வகுப்பறைச் சுவரில் பிள்ளைகளின் நெஞ்சு உயரத்துக்கு இரண்டு ஆணி அடித்து, நைலான் கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப்பில் புத்தகங்களை அட்டை தெரியத் தொங்கவிடுங்கள். முதுகை மட்டும் காட்டி அலமாரியில் நிற்கும் புத்தகத்தைச் சின்னப் பிள்ளை எடுக்காது, படம் தெரிந்தால் எடுக்கும். கட்டடம் ஒழுகுகிறது, அறை வேண்டும் என்பதெல்லாம் கிராம சபையில் வைக்க வேண்டிய விஷயம், இந்தப் பணத்தில் அதைத் தொடாதீர்கள்.

என்ன புத்தகம்? பாதிக்கு மேல் படம் பெரிதாகவும் ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று வரிகளும் உள்ளவை. நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ், துளிகா, பாரதி புத்தகாலயத்தின் சிறார் நூல்கள் என்று விலைப் பட்டியல்களை வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். நீதிக் கதைக் கொத்து, பொது அறிவுக் கேள்வி பதில், கட்டுரைக் களஞ்சியம் இவற்றைக் கடைக்காரர் பள்ளி என்றதும் முதலில் எடுத்து நீட்டுவார், அதிகத் தள்ளுபடியும் தருவார். வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும். பிடித்த புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்குவது வீண் இல்லை, ஒன்றாம் வகுப்பில் சண்டை வராமல் இருக்கும். மாவட்டப் புத்தகக் கண்காட்சி வரை பொறுக்க முடிந்தால் 10 சதவீதமாவது குறையும், அங்கே நான்கு பிள்ளைகளைக் கூட்டிப்போய், ஐந்தாயிரத்தில் மேலே சொன்ன 4,300 போக மீதி 700 ரூபாயை அவர்கள் கையில் கொடுத்து அவர்களையே தேர்ந்தெடுக்க விடுங்கள். ஒரு தடவை நாங்கள் கூட்டிப்போன பெண் பிள்ளை அரை மணி நேரம் சுற்றிவிட்டுப் பாம்புகளைப் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்துவந்தாள். அந்த வருஷம் அதிகம் கைமாறியது அதுதான், எங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை.

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் நிறையக் கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, தாராளமாக அச்செடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்தால் புத்தகம் வாங்குவதைவிட அதிகம் ஆகிவிடும். வகுப்பில் புரொஜெக்டரோ டி.வி.யோ இருந்தால் அதில் காட்டுவதே மேல்.

பில்லில் ஒரு விஷயம்: அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. புத்தகத்துக்கும் வரி போட்டு யாராவது பில் நீட்டினால் திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்குங்கள். உறை, பதிவேடு எல்லாம் தனி பில்லாக இருக்கட்டும்.

முத்திரை, உறை, பதிவேடு

வந்த அன்றே கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பள்ளி முத்திரை முதல் பக்கத்தில் ஒன்று, உள்ளே நீங்களே முடிவு செய்துகொண்ட ஒரு ரகசியப் பக்கத்தில் ஒன்று. எங்கள் பள்ளிகளில் அது ஒன்பதாம் பக்கம். முதல் பக்கம் கிழிந்தாலும் புத்தகம் யாருடையது என்று தெரிந்துவிடும். காக்கி அட்டை போடவே கூடாது, போட்டால் எல்லாப் புத்தகமும் நோட்டுப் புத்தகம் மாதிரி ஆகி அட்டைப் படம் செத்துப்போகும். கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் உறை, முதுகில் அகல நாடா, ஸ்டேப்ளர் பின் அடித்த புத்தகம் என்றால் நடுவில் ஊசி நூலால் இரண்டு தையல். கொடுத்தவர் பெயரை உள்ளட்டையில் சின்னதாக எழுதுங்கள், மேல் அட்டையில் வேண்டாம்.

வழங்கும் பதிவேட்டைப் பிள்ளைகளிடமே விடுங்கள். தேதி, புத்தக எண், பெயர், வகுப்பு, திருப்பிய தேதி, கடைசியில் “எப்படி இருந்தது” என்று ஒரு கட்டம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்தக் கட்டத்தில் “நாய் சாகாம இருந்திருக்கலாம்” என்று எழுதியிருந்தான். அந்தப் பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்துக் கொடையாளருக்கு அனுப்பினேன். மறுவருஷம் நாங்கள் கேட்காமலே அவர் போன் செய்து, இந்தத் தடவை பட்டியல் எங்கே என்றார். கொடுத்தவர் வந்து நிற்க, பிள்ளைகளை வெயிலில் வரிசை கட்டிக் கையை நீட்டவைத்து எடுக்கும் போட்டோவால் எனக்குத் தெரிந்து எந்தப் பள்ளிக்கும் இரண்டாவது தடவை பணம் வந்ததில்லை.

தொலைந்துவிடுமே, ஆடிட்டில் கேட்பார்களே என்ற பயத்தில்தான் பீரோ பூட்டியே கிடக்கிறது. பயப்படும் ஹெச்.எம்.களுக்கு நான் காட்டுவது ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள், 2017. ஆயிரம் புத்தகம் வழங்கினால் ஆண்டுக்கு ஐந்து தொலைவது இயல்பான இழப்பு என்று அதன் 215ஆம் விதியே ஏற்றுக்கொள்கிறது, ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ளதும் அரிய நூலும் தொலைந்தால்தான் கட்டாய விசாரணை. அது ஒன்றிய அரசு அலுவலகங்களுக்கான விதி, நம் பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் புத்தகம் புழங்கினால் கொஞ்சம் குறையும் என்று டெல்லி நிதித் துறையே எழுதிவைத்திருக்கிறது என்று சொன்னதும் சாவி டிராயரிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கு

அரசு மானியம் என்றால் மார்ச் 31க்கு முன் செலவழித்து, பில், வவுச்சர், கேஷ் புக் பதிவு, பதிவேட்டு எண்கள் எல்லாம் பொருந்த வைத்து, பயன்பாட்டுச் சான்றிதழை வட்டார வள மையத்தில் கொடுக்க வேண்டும். இப்போது பணம் கையில் வந்து தங்குவதில்லை, எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற வரம்பாகத்தான் கணக்கில் தெரியும். செலவழிக்காவிட்டால் அது நம்முடையது இல்லை. ஒரு பள்ளியில் பட்டியலை இன்னும் நன்றாகப் போடலாம், இன்னும் நன்றாகப் போடலாம் என்று நானே இழுத்தடித்து முழுத் தொகையையும் கோட்டைவிட்டிருக்கிறேன். அன்றிலிருந்து பட்டியலை ஜூலையிலேயே முடித்துவிடுவது வழக்கம், பணம் எந்த மாதம் வந்தாலும் அந்த வாரமே ஆர்டர்.

தனியாருக்கும் ஒரு பக்கக் கணக்கு அனுப்புங்கள். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, பில் நகல், அதிகம் கைமாறிய ஐந்து புத்தகம், யாருமே தொடாத ஐந்து புத்தகம். தொடாததையும் சொல்வதில் வெட்கம் வேண்டாம், அடுத்த பட்டியலில் என்ன மாற்றப் போகிறீர்கள் என்பது அதிலிருந்துதான் வருகிறது.

ஏப்ரலில் பள்ளி மூடும் முன் புத்தகங்களை எண்ணிப் பீரோவுக்குள் வைக்கத்தான் எல்லாருக்கும் கை போகும். வைக்காதீர்கள். பிள்ளைக்கு மூன்று என்று கொடுத்து விடுமுறைக்கு வீட்டுக்கு அனுப்புங்கள். ஜூனில் எண்ணும்போது இரண்டு குறையும், ஒன்று மழையில் நனைந்து வரும், ஒன்றைத் தம்பி கிழித்திருப்பான். பதிவேட்டின் கடைசியில் நான்கு பக்கம் காலியாக விட்டு, மேலே “கழிவு” என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது அதற்குத்தான்.